தட்டு சூளையில் வெடிக்காமல் இருக்க நிழலிலேயே கவனம் வேண்டும்



மண் தொழில் செய்யும் குழுக்களுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறோம். மண் தொழில் செய்யாத உறுப்பினர்களும் படிக்கலாம். கடன் வாங்கித் தொழில் செய்கிற எல்லோருக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். அகல் விளக்கு, உண்டியல், பூந்தொட்டி என்று சின்னச் சின்னதாகச் செய்து வந்தோம். ஒரு ஆனி மாதம், மதுரையில் உள்ள ஒரு கடைக்காரர் மண் தட்டு கேட்டார். எட்டு அங்குல அகலம். தட்டையாக இருக்க வேண்டும், ஓரம் மட்டும் லேசாக எழும்பி நிற்க வேண்டும். நூறு தட்டு, ஒன்றுக்கு 45 ரூபாய். "பானை வேண்டாம்மா, அது மத்தவங்ககிட்ட வாங்கிக்கிறேன்" என்றார்.

எங்களுக்குச் சந்தோஷம். தட்டுக்குச் சக்கரம் வேண்டாம். பல ஊர்களில் சக்கரம் சுற்றுவது ஆண்கள் வேலை, மண் மிதிப்பதும் தட்டுவதும் பூசுவதும் பெண்கள் வேலை என்றுதான் பழக்கம். தட்டு, மூடி, சுவரில் மாட்டும் பெயர்ப் பலகை இதெல்லாம் சப்பாத்தி தேய்க்கிற மாதிரி தேய்த்தே செய்துவிடலாம். குழுவில் உள்கடன் எடுத்தோம். மண் இறக்கினோம், விறகு வாங்கினோம். உடைந்தாலும் பரவாயில்லை என்று 120 தட்டு செய்து, ஆடி மாதத்தில் சூளை போட்டோம்.

மறுநாள் சூளையைப் பிரித்தபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. எடுக்க எடுக்க விரிசல். எண்ணிப் பார்த்தால் 47 தட்டு போயிருந்தது. அதே சூளையில் வைத்த அகல் விளக்கு ஒன்றுகூட உடையவில்லை. "இந்த மாசத் தவணைய எப்படிக்கா கட்டுறது?" என்று ஒரு தங்கச்சி அழுதேவிட்டாள்.

அப்பத்தா சொன்ன காரணம்

உடைந்த தட்டுகளைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு விளாச்சேரிக்குப் போனோம். திருப்பரங்குன்றம் பக்கத்தில் உள்ள இந்த ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவராத்திரிக் கொலுப் பொம்மைக்குப் பேர் போன ஊர். அங்கே காலம் காலமாகச் சூளை போடுகிற ஒரு வீட்டில், வயதான அப்பத்தா ஒருவர் எங்கள் தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தீ கூடிப் போச்சா அப்பத்தா?" என்று கேட்டோம்.

"தீயக் குத்தம் சொல்லாதீங்க தாயி. விரிசலுக்குள்ள காவி எறங்கியிருக்கு பாருங்க. காவி பூசும்போதே இது கீறிக் கெடந்திருக்கு, உங்க கண்ணுக்குத் தெரியல. இது நெழல்லயே வெடிச்ச தட்டு. தீ அத வெளியில காட்டியிருக்கு, அம்புட்டுத்தேன்" என்றார்.

இந்தப் பாடத்தின் சாரமே அந்த வார்த்தைதான். அன்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறோம்.

பானை தப்பிக்கும், தட்டு ஏன் தப்பிக்காது?

களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் தகடுகள். அந்தத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் வெளியேறும்போது தகடுகள் ஒன்றை ஒன்று நெருங்கும். அதனால்தான் மண் காயும்போது சுருங்குகிறது. எல்லா இடமும் ஒரே நேரத்தில் சுருங்கினால் பிரச்சினை இல்லை. ஒரு இடம் முந்தி, இன்னொரு இடம் பிந்தினால் இரண்டும் இழுத்துக்கொள்ளும். இழுப்புத் தாங்காத இடத்தில் கீறல் விழும்.

பானை எழும்பி நிற்கிறது. வட்டமான வடிவம் இழுப்பைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். தட்டு படுத்துக் கிடக்கிறது. மேலே காற்று படுகிறது, கீழே பலகை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஓரத்துக்கு மேலும் பக்கவாட்டிலும் காற்று, நடுவுக்கு மேலே மட்டும். மொட்டை மாடியில் அப்பளம் காய வைக்கும்போது பார்த்திருப்பீர்கள், ஓரம் முதலில் காய்ந்து வளைந்து நிற்கும், நடு இன்னும் பச்சையாக இருக்கும். மண் தட்டிலும் அதுதான் நடக்கிறது. அப்பளம் மெல்லியது, வளைந்துகொள்ளும். மண் வளையாது, வெடிக்கும்.

சூளையிலும் இதே கதைதான். ஓரத்தில் சூடு முதலில் ஏறுகிறது, ஆறும்போது ஓரம் முதலில் ஆறுகிறது. ஆகவே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். ஓரமும் நடுவும் சேர்ந்தே காய வேண்டும், சேர்ந்தே சூடாக வேண்டும், சேர்ந்தே ஆற வேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இதற்காகத்தான்.

நம் பக்கத்து அனுபவம்

தட்டையாக மண் சுடுவது நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2015-ல் அகழாய்வு தொடங்கியது. அங்கே கருப்பு சிவப்புப் பானை ஓடுகளோடு கூரை ஓடுகளும் கிடைத்தன. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்க்கலாம்.

வைகைக் கரையில் உள்ள மானாமதுரையும் அப்படித்தான். அங்கே செய்யும் கடம் கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் செய்வதற்காகச் சங்கீத நாடக அகாடமி விருது பெற்ற மீனாட்சி கேசவன் அந்த ஊர்க்காரர், நம்மைப் போல ஒரு பெண். கடத்தைச் சக்கரத்தில் எடுத்ததோடு விட்டுவிடுவதில்லை. உள்ளே ஒரு கையால் தாங்கிக்கொண்டு வெளியே மரக்கட்டையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டுகிறார்கள். தட்டத் தட்ட மண் இறுகி, எல்லா இடமும் ஒரே கனம் ஆகிறது. கடத்துக்கு அது நாதம் கொடுக்கிறது. நம் தட்டுக்கு அதே இறுக்கம் வெடிப்பைத் தடுக்கும்.

முதல் வேலை: மண்ணைப் பார்ப்பது

கண்மாயில் எடுத்த களிமண்ணை அப்படியே பயன்படுத்தக் கூடாது. நன்றாகக் காய வைத்து, உடைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கரைத்து, சல்லடையில் வடிகட்ட வேண்டும். நம் பகுதிக் கண்மாய் மண்ணில் சுக்கான் கல்லும் நத்தை ஓடும் இருக்கும். இவை இரண்டும் சூளையில் வெந்து சுண்ணாம்பு ஆகிவிடும். தட்டு நன்றாக வெந்து வெளியே வந்த பிறகு, அந்தச் சுண்ணாம்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து உப்பும். சில நாள் கழித்துத் தட்டில் சில்லு தெறித்து, குழிக்குள் வெள்ளைப் புள்ளி தெரியும். விற்ற பிறகு இப்படி ஆனால் பேர் கெட்டுவிடும். அதனால் வடிகட்டுவதில் சோம்பல் கூடாது.

அடுத்து, மண் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து பாருங்கள். பிசைந்த மண்ணில் பட்டையாக ஒரு துண்டு செய்து, அதன்மேல் ஸ்கேல் வைத்து சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறுங்கள். முழுதாகக் காய்ந்ததும் கோட்டை அளந்து பாருங்கள். 9.4 சென்டிமீட்டர் இருந்தால் நூற்றுக்கு 6 சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். 9.2-க்கும் கீழே போனால் அது பிசுபிசுப்பு அதிகமான மண். பானைக்கு ஆகலாம், தட்டுக்கு அப்படியே ஆகாது.

அப்படிப்பட்ட மண்ணில் சுட்ட மண் பொடியைச் சேர்க்கலாம். உடைந்த தட்டு, பழைய ஓடு இவற்றை இடித்து, ரவை பருமனுக்குச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு படி காய்ந்த களிமண் தூளுக்கு ஒரு படி சுட்ட பொடி என்று நாங்கள் சேர்க்கிறோம். இந்தப் பொடி ஏற்கெனவே வெந்தது, இனி சுருங்காது. ஈரமும் ஆவியும் வெளியே போக வழியும் கிடைக்கும். எங்கள் 47 தட்டும் இப்படிப் பொடியாகித்தான் அடுத்த சூளைக்கு உதவியது. இடிக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், பொடி நெஞ்சுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி இடித்தால் தூசி பறக்காது.

ராஜஸ்தானில் மோலேலா என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே சாமி உருவங்களைத் தட்டையான மண் பலகையில் புடைப்பாகச் செய்து சுடுகிறார்கள். அவர்கள் களிமண்ணில் கழுதைச் சாணத்தைக் கலக்கிறார்கள். சாணத்தில் உள்ள நார் தீயில் எரிந்துபோய், மண்ணில் நுண்ணிய துளைகள் விடும். ஆவி வெளியேற அதுவே வழி. நம் பக்கம் சலித்த உமியோ வைக்கோல் தூளோ கொஞ்சம் சேர்த்தால் அதே வேலையைச் செய்யும். ஆனால் அளவு கூடினால் தட்டு மெலிந்து போகும். சுவரில் மாட்டும் பலகைக்கு இது சரி, சாப்பாட்டுத் தட்டுக்குச் சுட்ட பொடியே நல்லது.

"மணல் போட்டாப் போதாதா?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் போடலாம், அதிகம் கூடாது. ஏன் என்பதைத் தீயைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

களிமண் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மண்பாண்டத் தொழிலாளர்களும் விவசாயிகளும் கண்மாய், ஏரிகளில் கட்டணம் இல்லாமல் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கும்படி 2024-ல் தமிழ்நாடு அரசு விதியை எளிதாக்கியது. குழுவாகச் சேர்ந்து விண்ணப்பம் கொடுங்கள்.

இரண்டாவது வேலை: தேய்ப்பது

1. மண்ணை நன்றாக மிதித்துப் பிசைந்து, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் செய்யுங்கள். கம்பியால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் குமிழி தெரியும்.

2. அரை அங்குல உயரத்தில் இரண்டு ரீப்பர் கட்டைகளை இரண்டு பக்கமும் வைத்து, நடுவில் மண்ணை வைத்து உருளைக் கட்டையால் தேயுங்கள். கட்டையின்மேல் உருளை ஓடுவதால் எல்லா இடமும் ஒரே கனம் வரும். கண்ணால் பார்த்துத் தேய்த்தால் ஓரம் மெலிந்துவிடும். மெலிந்த ஓரம் முதலில் காயும்.

3. ஒரே பக்கம், ஒரே திசையில் தேய்க்காதீர்கள். நாலு தடவை தேய்த்ததும் மண்ணைத் திருப்பிப் போடுங்கள், கால் வட்டம் சுற்றி வையுங்கள்.

4. தேய்த்த மண்ணைத் தோசையைத் தூக்குவது போல ஓரம் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு பலகையை மேலே வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே கவிழ்த்து எடுங்கள். ஒருதரம் வளைந்த மண், மறுபடி நேராக்கினாலும் வளைந்ததை மறக்காது. காயும்போதோ சூளையிலோ மறுபடி வளையும்.

5. இரண்டு முகத்தையும் வழவழப்பான பலகையாலோ தேய்ப்புக் கல்லாலோ அழுத்தித் தேய்த்து இறுக்குங்கள். வெட்டிய ஓரத்தை ஈர விரலால் மழுக்குங்கள். கத்தி பட்ட கூரான ஓரத்தில்தான் கீறல் தொடங்கும்.

6. அச்சில் வைப்பதானால் குழிந்த அச்சுக்கு உள்ளே வையுங்கள். சுருங்கும்போது தட்டு தானாக அச்சை விட்டு விலகும். குமிழ்ந்த அச்சின்மேல் போர்த்தினால், மண் சுருங்கி அச்சை இறுக்கிப் பிடித்து வெடிக்கும். அப்படிப் போர்த்தியே ஆக வேண்டும் என்றால், அரைக்காய்ச்சலில் எடுத்துவிடுங்கள். அரைக்காய்ச்சல் என்பது நகம் வைத்தால் தடம் விழும், ஆனால் விரலில் மண் ஒட்டாது என்ற பதம்.

மூன்றாவது வேலை: காய வைப்பது

நாங்கள் செய்த பெரிய தப்பு இங்கேதான். ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நாங்கள் தட்டுகளைத் திண்ணையில் வரிசையாக வைத்து, "காத்து நல்லா வருது, மூணு நாள்ல காஞ்சிரும்" என்று சந்தோஷப்பட்டோம். வெயில் படாமல் பார்த்தோமே தவிர, காற்றை நினைக்கவே இல்லை. காற்று ஒரு பக்க ஓரத்தை மட்டும் காய வைத்துவிட்டது.

இப்போது இப்படிச் செய்கிறோம். பலகைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மெல்லிசாகச் சலித்த மணல் தூவி, தட்டை வைக்கிறோம். சுருங்கும்போது தட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே வரும், பலகையைப் பிடித்துக்கொள்ளாது. முதல் இரண்டு நாள் முழுதும் பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்கிறோம். பிறகு நடுவைத் திறந்துவிட்டு, ஓரத்தை மட்டும் பிளாஸ்டிக் பட்டையால் மூடுகிறோம். நடு முதலில் காய ஆரம்பிக்கட்டும், ஓரம் காத்திருக்கட்டும். தினமும் ஒருதரம் பலகையோடு பலகை வைத்துத் திருப்புகிறோம். ஓரத்துக்கும் நடுவுக்கும் நிறம் ஒன்றாக வெளுத்த பிறகுதான் முழுதும் திறக்கிறோம். எட்டு அங்குலத் தட்டுக்கு எட்டில் இருந்து பத்து நாள் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடும். கார்த்திகை தீபத்துக்கு ஆர்டர் பிடிப்பவர்கள் இந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துத் தேதி சொல்லுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று, தட்டைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இரண்டாவது, தராசில் எடை போட்டுக் குறித்துக்கொண்டு, மறுநாளும் போடுங்கள். எடை குறையாமல் அப்படியே இருந்தால் காய்ந்துவிட்டது. சூளை வைக்கும் நாள் காலையில் இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்து எடுக்கலாம். முழுதாகக் காய்ந்த தட்டை வெயில் ஒன்றும் செய்யாது.

சூளைக்குப் போகும் முன் ஒவ்வொரு தட்டையும் விரலால் சுண்டிப் பாருங்கள். மண்ணெண்ணெய்த் துளியைத் துணியில் தொட்டு ஓரத்தில் தடவினால், கண்ணுக்குத் தெரியாத கீறல் கோடாகத் தெரியும். தீப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம். கீறல் இருந்தால் மனசு கேட்காமல் சூளையில் வைக்காதீர்கள். பச்சைத் தட்டை ஊறப்போட்டால் மறுபடி மண் ஆகிவிடும். வெந்து வெடித்தால் விறகும் சேர்ந்து போகும்.

நான்காவது வேலை: அடுக்குவது

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்லித் தட்டு போல அடுக்கக் கூடாது. அடியில் உள்ளது பாரம் தாங்காது, நடுவுக்குச் சூடும் போகாது. சற்றே சாய்த்து, ஓரத்தில் நிற்கும்படி வரிசையாக வையுங்கள். இரண்டு தட்டுக்கு இடையே ஒரு விரல் இடைவெளி வேண்டும். அப்போது இரண்டு முகத்திலும் சூடு சமமாகப் படும்.

படுக்க வைக்கத்தான் வேண்டும் என்றால், தட்டின் அடி முழுவதும் சமமான ஓட்டின்மேல் உட்கார வேண்டும். இடையில் சுட்ட மண் பொடியைத் தூவுங்கள். இரண்டு கல்லின்மேல் பாலம் போல வைத்தால் நடு தொங்கி விரியும். தீ வாய்க்கு நேராகத் தட்டு வைக்காதீர்கள். அங்கே பானையோ தொட்டியோ இருக்கட்டும். தட்டு நடுவிலும் சற்று மேலேயும் இருப்பது நல்லது.

ஐந்தாவது வேலை: தீ வைப்பது

நம் பக்கத்து விறகுச் சூளையில் ஏறக்குறைய 700-ல் இருந்து 900 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறுகிறது. அதில் இரண்டு இடங்களைத் தட்டு செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் இடம், தண்ணீர் கொதிக்கும் சூடு. எவ்வளவு காய வைத்தாலும் மண்ணில் கொஞ்சம் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். 100 டிகிரியில் அது ஆவியாகும். வேகமாகச் சூடேற்றினால் ஆவி வெளியே போக நேரம் இல்லாமல் தட்டையே உடைத்துக்கொண்டு போகும். அதனால் முதல் நாலு மணி நேரம் தீ வாய்க்கு வெளியே, புகையும் அனலும் மட்டும் உள்ளே போகும்படி சின்னதாக மூட்டுங்கள். சூளையின் மேல் துளைக்கு மேலே ஒரு குளிர்ந்த சில்வர் தட்டை இடுக்கியால் பிடித்துப் பாருங்கள். நீர்த்துளி படிந்தால் ஈரம் இன்னும் வருகிறது, பொறுத்திருங்கள். துளி நின்ற பிறகு விறகைக் கூட்டலாம்.

இரண்டாவது இடம், மங்கலான சிவப்பு. மணலில் குவார்ட்ஸ் என்று ஒரு கனிமம் இருக்கிறது. களிமண்ணிலும் அது கொஞ்சம் உண்டு. 573 டிகிரியில் அது திடீரென்று உப்பும். ஆறும்போது அதே சூட்டில் திடீரென்று சுருங்கும். தட்டின் ஒரு பாதி இந்தச் சூட்டைத் தாண்டி, மறுபாதி தாண்டாமல் இருந்தால் நடுவே கீறல் ஓடிவிடும். மணல் அதிகம் சேர்க்கக் கூடாது என்று சொன்னது இதனால்தான். இருட்டில் பார்த்தால் சூளைக்குள் பாண்டம் மங்கலாகச் சிவக்கத் தொடங்குவது கிட்டத்தட்ட இந்தச் சூட்டில்தான். அந்த நேரத்தில் விறகைக் குத்தித் திணிக்காதீர்கள். ஒரே சீராக, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நல்ல சிவப்பு வந்த பிறகு தீயைக் கூட்டிக்கொள்ளலாம்.

சீமைக் கருவேல விறகு வேகமாக அனல் கொடுக்கும், கடைசிக்கு அது நல்லது. தொடக்கத்துக்குத் தென்னை மட்டை, வறட்டி போன்ற மெதுவாகக் கனலும் எரிபொருள் போதும். சீக்கிரம் பற்றுகிறது என்று பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் போடாதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது நாமும் நம் பிள்ளைகளும்தான்.

ஆறாவது வேலை: ஆற விடுவது

தீ நின்றதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். பாதி வேலை இன்னும் இருக்கிறது. தட்டு மறுபடியும் 573 டிகிரியைத் தாண்டி இறங்க வேண்டும். தீ வாயைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிடுங்கள். மேலே வைக்கோலும் மண்ணும் பூசிய மூடியைத் தொடாதீர்கள். ஒரு இரவும் ஒரு பகலும் அப்படியே இருக்கட்டும். வெறும் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகே பிரியுங்கள். "வெந்துச்சா இல்லையான்னு ஒரே ஒரு தட்டப் பாப்போம்" என்று ஓட்டை போடுவது எல்லோருக்கும் வரும் ஆசைதான். அந்த ஓட்டை வழியாகப் போகும் குளிர்காற்று வரிசையாகத் தட்டுகளை உடைத்துவிடும்.

விரிசலைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

உடைந்த தட்டை உடனே தூக்கி எறியாதீர்கள். தப்பு எங்கே என்று அதுவே சொல்லும்.

ஓரத்தில் அகலமாகத் தொடங்கி, நடுவை நோக்கி மெலிந்து போகும் விரிசல்: ஓரம் முந்திக் காய்ந்திருக்கிறது. உள்ளே காவி இறங்கியிருந்தால் சந்தேகமே இல்லை.

நடுவில் மட்டும் விரிசல், ஓரம் நன்றாக இருக்கிறது: நடு இறுகவில்லை, அல்லது பலகையில் ஒட்டிக்கொண்டு சுருங்க முடியாமல் போயிருக்கிறது.

சில்லுச் சில்லாகத் தெறித்திருக்கிறது: ஈரத்தோடு சூளையில் வைத்திருக்கிறோம், அல்லது முதல் தீயை அவசரமாக ஏற்றியிருக்கிறோம்.

கண்ணாடி உடைந்தது போல, மெல்லிய கூரான கோடு, காவிப் பூச்சையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறது: ஆறும்போது குளிர்காற்று பட்டிருக்கிறது.

குழியும் வெள்ளைப் புள்ளியும்: சுண்ணாம்பு. மண்ணைச் சரியாக வடிகட்டவில்லை.

நல்ல தட்டை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று இருக்கும். டொக்கென்று சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டு. அதை விற்காதீர்கள். சிமெண்ட் வைத்து அடைத்துக் காவி பூசிக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு தட்டு சூடான சோற்றோடு உடைந்தால், அந்தக் கடை நம்மிடம் மறுபடி வராது.

கணக்கைப் பாருங்கள்

எங்கள் முதல் சூளைக்கு மண், வண்டி, விறகு, எங்கள் கூலி எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய் ஆனது. 120 தட்டும் தேறியிருந்தால் ஒரு தட்டின் அடக்கம் 30 ரூபாய். தேறியது 73. அப்போது அடக்கம் 49 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. விற்ற விலையோ 45. நூறு கேட்டவருக்கு 73-தான் கொடுக்க முடிந்தது. வந்தது 3,285 ரூபாய். 315 ரூபாய் கையை விட்டுப் போனது, கடன் அப்படியே நின்றது.

குழுவில் பேசி, அந்த மாதத் தவணைக்கு எங்கள் கூலியையே விட்டுக்கொடுத்தோம். அடுத்த சூளையில் 17 தட்டு வெடித்தது. அதற்கு அடுத்ததில் 6 மட்டும். 114 தட்டு தேறியது. அதே செலவு, வரவு 5,130 ரூபாய். விறகும் மண்ணும் அதேதான், கூடச் செலவு ஒன்றும் செய்யவில்லை. கூடுதலாகப் போட்டது ஒரு வாரப் பொறுமை மட்டும்.

இப்போது எங்களிடம் சூளை நோட்டு ஒன்று இருக்கிறது. மண் எந்தக் கண்மாய், பொடி எவ்வளவு, எத்தனை நாள் காய்ந்தது, காற்றா மழையா, தீ எத்தனை மணிக்கு வைத்தது, எத்தனை வெடித்தது, என்ன மாதிரி வெடித்தது என்று எழுதுகிறோம். தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு எழுதப் பழகிய கைக்கு இது ஒன்றும் கஷ்டம் இல்லை. முதலில் அழுத தங்கச்சிதான் இன்று அந்த நோட்டை எழுதுகிறாள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. சென்ற சூளையில் எத்தனை பொருள் உடைந்தது? உடையாமல் இருந்தால் ஒன்றின் அடக்கம் என்ன, உடைந்ததால் என்ன ஆனது?

2. உடைந்த துண்டுகளைக் கூட்டத்துக்குக் கொண்டு வந்து வையுங்கள். ஒவ்வொன்றும் நிழலில் வெடித்ததா, தீயில் வெடித்ததா, ஆறும்போது வெடித்ததா என்று சேர்ந்து பாருங்கள்.

3. நமக்குக் கிடைக்கும் மண்ணில் 10 சென்டிமீட்டர் கோடு போட்டுப் பார்த்தோமா?

4. ஆர்டர் எடுக்கும்போது காய வைக்கும் நாட்களைச் சேர்த்துத் தேதி சொல்கிறோமா, இல்லை வாயில் வந்த தேதியைச் சொல்லிவிட்டுப் பிறகு அவசரப்படுகிறோமா?

மண் தொழில் செய்யாத சகோதரிகளே, ஆடு வாங்கினாலும் கடை வைத்தாலும் நஷ்டம் வரும் நாள் ஒன்று இருக்கும். அன்றைக்கு விதி என்றோ, தீ என்றோ சொல்லிவிட்டுப் போகாமல், உடைந்ததைக் கையில் எடுத்துத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாங்கள் அப்பத்தாவிடம் சாக்கைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால், தட்டு செய்வதையே விட்டிருப்போம்.

உங்கள் சூளை அனுபவத்தை உங்கள் குழுவின் கணக்காளர் மூலம் எழுதி அனுப்புங்கள். அடுத்தவருக்கு அது பாடமாகும்.